பின் அறைக்கும் சேர்த்து

எத்தனை அறைகளுக்குச் சூடு வேண்டும் என்று கடைக்காரர் கேட்டதும் திருமூர்த்தி வாயைத் திறக்கவில்லை. வரிசையாக நின்ற கறுப்பு இரும்பு அடுப்புகளின் நடுவே, கோட்டுப் பட்டனைப் போடுவதும் கழற்றுவதுமாக நின்றார். அவர்கள் வீடு இருந்த பிரிட்ஜ்வாட்டரிலிருந்து அரை மணி நேரம் தள்ளியிருந்த அந்தக் கடையில் அன்று நல்ல கூட்டம். ஜனவரிப் பெரும்பனியில் கரண்ட் போய் நடுங்கியவர்களெல்லாம் விறகு ஸ்டவ் வாங்கக் கிளம்பி வந்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற கலாவதிக்கு விடை தெரியும். கீழே ஹாலும் சமையலறையும், மேலே மூன்று படுக்கையறைகள். அந்த மூன்றில் ஒன்றைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பதில்தான் அவர் நின்றுவிட்டார். வடக்குப் பார்த்த அந்தப் பின் அறையில் நான்கு வருடமாக யாரும் இல்லை.

கலாவதி அவருக்கு இரண்டாம் மனைவி. தாராபுரத்தில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவள். ஜாதகம் ஒத்துவரவில்லை என்று ஒவ்வொன்றாகத் தட்டிப்போய், இனிமேல் கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் ஓய்ந்த வயதில் திருமூர்த்தியின் வரன் வந்தது. உடுமலைப்பேட்டைக்காரர், அமெரிக்காவில் மருந்துக் கம்பெனியில் கெமிக்கல் இன்ஜினியர், மனைவி நோயில் இறந்துவிட்டாள், குழந்தை இல்லை என்றார்கள். பார்க்க வந்தவர் காப்பியைக்கூடத் தொடாமல், “சாந்தாமணிய மறந்துட்டேன்னு எல்லாம் நான் சொல்ல மாட்டேனுங்க” என்று அவளுடைய அண்ணனிடம் சொன்னது கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற கலாவதியின் காதில் விழுந்தது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் சரி என்றாள். மறந்துவிட்டேன் என்று சொல்கிற ஆளை எப்படி நம்புவது என்று அப்போது தோன்றியது. மறக்காத ஒருவரோடு ஒரே கூரையின் கீழ் இருப்பது எப்படிப்பட்டது என்பது தொண்ணூற்றைந்து செப்டம்பரில் நியூ ஜெர்சி வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

வந்த முதல் நாள் வீட்டைச் சுற்றிக் காட்டியவர், பின் அறைக்கு முன்னால் வந்ததும் “இது சும்மா ரூமு” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அக்டோபரில் குளிர் தொடங்கியது. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்கு எண்ணெய் விலை ஏறிவிட்டது, ஃபாரன்ஹீட்டில் அறுபத்து நான்கு டிகிரிக்கு மேல் வைக்க வேண்டாம் என்றார். இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அவள் வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் அந்தப் பின் அறைக் கதவின் குமிழில் கை பட்டது. குமிழ் வெதுவெதுப்பாக இருந்தது. திறந்து பார்த்தாள். உறை இல்லாத மெத்தை போட்ட ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவரோரம் ஒரு எலெக்ட்ரிக் ஹீட்டர். ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டிலேயே அந்த அறை ஒன்றுதான் நம் ஊர் மார்கழிப் பகலைப்போல இதமாக இருந்தது. சாயங்காலம் கேட்டதற்கு, “பைப் ஃப்ரீஸ் ஆயிரும் கலா, அதுக்குத்தான்” என்றார். குளியலறை வீட்டின் மறு கோடியில் இருக்கிறது, பின் அறைப் பக்கம் ஒரு குழாய்கூடப் போகவில்லை என்பதைக் கவனிக்க அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. கவனித்த பிறகு அவள் கேட்கவில்லை.

கார் ஓட்டக் கற்றுக்கொள்ளாதவளுக்கு அந்த ஊரில் பகல் மிகவும் நீளம். எட்டு மணிக்கு அவர் கிளம்பிவிட்டால் பிறகு தபால்காரரின் வண்டிச் சத்தம், அதை விட்டால் ஒன்றுமில்லை. கை விறைக்கும்போது ஒரு நாள் பின் அறைக்குப் போய் ஹீட்டரின் முன்னால் உட்கார்ந்தாள். மறுநாளும் போனாள். பிறகு அது பழக்கமாகிவிட்டது. ஹீட்டர் தானாக நின்று தானாக ஓடத் தொடங்கும்போதெல்லாம் யாரோ நெட்டி முறிப்பதைப்போல ஒரு சத்தம் கேட்கும். முதலில் அந்தச் சத்தத்துக்கு அவள் உடம்பு தூக்கிப்போட்டது. ஒரு நாள் எழுந்திருக்கும்போது மெத்தையில் கை ஊன்றினாள். யாரோ இப்போதுதான் எழுந்து போன படுக்கையைப்போல அது சூடாக இருந்தது. ஹீட்டரின் சூடுதான் என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனாலும் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். தவறிப்போய் ஒருவர் காலைத் தொட்டுவிட்டதைப்போல இருந்தது. அதற்குப் பிறகு அந்த அறைக்குள் நுழையும் முன்னால் கதவில் இரண்டு விரலால் தட்டிவிட்டு நுழைந்தாள். யாருக்காகத் தட்டுகிறோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டால் சிரிப்பு வந்திருக்கும். அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

பெரும்பனி விழுந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்ட் போயிற்று. கரண்ட் இல்லாவிட்டால் ஃபர்னஸும் ஓடாது. ஹாலில் இருந்த ஃபயர்பிளேஸில் திருமூர்த்தி விறகை மூட்டினார். திறந்த அடுப்பு, முகம் வெந்தது, முதுகு விறைத்தது, சூடு முழுக்கப் புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போயிற்று. நாலரை மணிக்கே இருட்டத் தொடங்கியபோது அவர் வீட்டிலிருந்த மூன்று கம்பளிகளில் இரண்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். அவர் திரும்பி வரவில்லை என்று அவளும் ஏறிப் போனாள். பின் அறையில், ஜன்னல் வெளிச்சத்தில், வெறும் மெத்தையின் மேல் கம்பளியை விரித்து ஓரங்களைச் செருகிக்கொண்டிருந்தார். கால்மாட்டில் மட்டும் இரண்டாக மடித்துப் போட்டிருந்தார்.

அவளைப் பார்த்ததும் அவர் திடுக்கிடவில்லை. “நார்த் சைடு. இந்த ரூமு சீக்கிரம் ஆறிப்போயிரும்” என்றார்.

“ஆமாங்க” என்றாள் கலாவதி. கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போய், அவர் கைக்கு எட்டாத ஓரத்தை அவளே செருகிவிட்டாள். பிறகு இருவரும் கீழே வந்து மீதியிருந்த ஒரே கம்பளிக்குள் நெருக்கியடித்துப் படுத்துக்கொண்டார்கள். கல்யாணமாகி அத்தனை நெருக்கமாக அவர்கள் படுத்தது அன்றுதான். அவர் தூங்கிவிட்டார். அவளுக்குத்தான் மேலே காலடி ஏதாவது கேட்கிறதா என்று காது போய்க்கொண்டே இருந்தது.

கரண்ட் வந்த பிறகு, இனி ஒரு தடவை இப்படி மாட்டக்கூடாது, நல்ல விறகு ஸ்டவ் ஒன்று போட்டுவிடலாம் என்று அவர்தான் சொன்னார். இன்ஜினியர் ஆயிற்றே, டேப்பை எடுத்து வீடு முழுக்க அளந்தார். சுவர், ஜன்னல், கூரையின் உயரம் எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, “நடுத்தர சைஸ் போதும் கலா, கரெக்டா இருக்கும்” என்றார். அப்படிச் சொன்னவர்தான் இப்போது கடையிலே, மூலையில் எருமைக்கன்று மாதிரி நின்ற பெரிய அடுப்பைக் கையால் காட்டி, அது வேண்டும் என்றார்.

கடைக்காரர் ரால்ஃப் பொறுமையான மனிதர். நீங்கள் சொல்கிற வீட்டுக்கு இது மிகப் பெரிது என்றார். பெரிய அடுப்பைச் சின்ன வீட்டில் வைத்தால் ஹாலில் உட்கார முடியாது, வெந்துவிடுவீர்கள், அதனால் காற்றை அடைத்து நெருப்பை மூச்சுத் திணற விடுவீர்கள், புகைந்து புகைந்து கரி எண்ணெயாகப் புகைபோக்கியில் படியும், ஒரு நாள் அதுவே பற்றிக்கொள்ளும் என்று சொன்னார். சின்னதை எடுத்தால் நாள் முழுக்க விறகு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், நடுத்தரம்தான் சரி என்றார். திருமூர்த்தி, மேலே பின்னால் ஒரு அறை இருக்கிறது, அது மற்ற அறைகளைவிடச் சூடாக இருக்க வேண்டும் என்றார். அதன் கதவு திறந்திருக்குமா என்று ரால்ஃப் கேட்டார். மூடித்தான் இருக்கும் என்றதும் தலையை ஆட்டினார். மூடிய கதவுக்குப் பின்னால் இந்தப் பெரிய அடுப்பின் சூடுகூடப் போகாது, திறந்த வழியில்தான் சூடு நடக்கும் என்றார். அவசரமில்லை, பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

“பெருசையே எடுத்துரலாம்” என்றார் திருமூர்த்தி.

“நடுத்தரம் போதும்னு நீங்கதானுங்களே கணக்குப் போட்டுச் சொன்னீங்க?”

“கணக்குக்குப் போதும்.” அவர் அடுப்பின் மேல் தட்டைத் தடவினார். “அவளுக்குப் பத்தாது.”

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது. முகம் கறுத்துவிட்டது. தமிழ் தெரியாத ரால்ஃப், கணவன் மனைவி விலையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்து மரியாதையாகப் புன்னகைத்தார்.

இரண்டு ஸ்வெட்டரோடு பெருக்கின வீடு, விறைத்த கையோடு கழுவின பாத்திரம், எனக்குப் பத்துகிறதா என்று ஒரு நாள் கேட்டிருப்பீர்களா என்ற கேள்வி, எல்லாம் கலாவதியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேட்டிருந்தால் அவர் அந்த இடத்திலேயே உடைந்துபோயிருப்பார், அதுவும் அவளுக்குத் தெரிந்தது. கையில் அந்த மெத்தையின் சூடு இன்னும் இருப்பதைப்போல உள்ளங்கையை மடக்கிக்கொண்டாள். அவள் சொன்னது அவளே யோசித்து வைத்திருந்ததல்ல.

“நடுத்தரமே வாங்குங்க. கதவத் தொறந்து வெச்சிரலாம். பத்தலைன்னா, அவுங்க கீழ வந்து உக்காந்துக்கட்டுங்க.”

திருமூர்த்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். பெண் பார்க்க வந்த அன்றுகூட அவர் அப்படிப் பார்த்ததில்லை. பிறகு ரால்ஃபின் பக்கம் திரும்பி, நடுத்தரத்தையே எடுத்துக்கொள்கிறோம் என்றார்.

திரும்பி வரும்போது ஹைவேயின் இருபக்கமும் அழுக்குப் பனி மதில் மாதிரி குவிந்து கிடந்தது. பாதி வழி வந்த பிறகு அவர் பேசினார். “கடைசி வரைக்கும் குளிருதுன்னுதான் சொன்னா. ஃபர்னஸ எம்பதுல வெச்சேன், ஹீட்டர் வெச்சேன், எனக்கு வேர்த்து ஊத்துது, அவ குளிருதுங்கறா. போனதுக்கப்புறம் அந்த ஹீட்டர ஆஃப் பண்ணலாம்னு கைய வெச்சேன். முடியல.”

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“நீ அங்க போறயா?”

“பகல்ல போவனுங்க.”

“பயமா இல்லையா?”

“மொதல்ல இருந்துச்சுங்க.” கலாவதி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். “இப்ப ஒரு நாளு போகலைன்னா, யாரோ காத்துட்டிருக்கற மாதிரி இருக்குதுங்க.”

அதற்குப் பிறகு வீடு வரும்வரை அவர் வண்டியை மிகவும் மெதுவாக ஓட்டினார், பின் சீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவரைப்போல.

பிப்ரவரியில் ஆட்கள் வந்து ஃபயர்பிளேஸுக்குள் புதுக் குழாயை இறக்கி ஸ்டவ்வைப் பொருத்திக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டு நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, புதுப் பனி விழுந்து ஓய்ந்திருந்தபோது திருமூர்த்தி முதல் தீயை மூட்டினார். புது இரும்பின் பெயிண்ட் நாற்றம் போகக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு கண்ணாடிக்குப் பின்னால் தீ நிதானமாக, ஒரே சீராக எரிந்தது. மத்தியானத்துக்குள் ஹாலில் அவள் ஒரு ஸ்வெட்டரைக் கழற்றினாள், அடுத்த மணி நேரத்தில் இன்னொன்றையும். திருமூர்த்தி மாடிப்படியின் கீழே போய் நின்றார். கைப்பிடியைப் பிடித்தார், ஏறவில்லை.

“நான் போறனுங்க” என்று கலாவதி அவரைக் கடந்து ஏறினாள்.

பின் அறைக் கதவில் தட்டினாள். உள்ளே போய் ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கினாள். அது ஆறும்போது சின்னச் சின்னதாகச் சத்தம் போட்டது. அது அடங்கும்வரை கட்டிலின் ஓரத்தில் நின்றாள். உட்காரவில்லை. கதவை அகலமாகத் திறந்து, அது மூடிக்கொள்ளாதபடி நாற்காலியை இழுத்து முட்டுக் கொடுத்தாள். படிகளில் கீழிருந்து ஏறி வந்த சூட்டுக் காற்று அவள் கணுக்காலில் பட்டு, அவளைத் தாண்டி உள்ளே போயிற்று.

அவள் இறங்கி வந்ததும், “ஆஃப் பண்ணிட்டயா?” என்றார் அவர்.

“பண்ணிட்டனுங்க.”

அவர் ஸ்டவ்வுக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டார். கண் தீயில் இருந்தது. மற்றபடி ஆள் முழுக்க மாடிப்படியின் பக்கம் சாய்ந்திருந்தது. அவளால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. விறகு தீரப்போகிறது என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே வந்தாள்.

கொல்லையில் கணுக்கால் வரை பனி. தார்ப்பாயை விலக்கி நாலைந்து கட்டையை இடுப்போடு அணைத்து எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது வீட்டின் பின்பக்கம் முழுவதும் கண்ணில் பட்டது. புகைபோக்கியைச் சுற்றிக் கூரைப் பனி கரைந்து ஓடுகள் ஈரமாகக் கறுத்திருந்தன. ஹாலுக்கும் அவர்கள் படுக்கையறைக்கும் மேலேயும் திட்டுத் திட்டாகக் கரைந்து, தண்ணீர் ஓரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் ஹீட்டர் ஓடிய பின் அறையின் மேல் மட்டும் பனி அப்படியே, காக்கைக் கால்கூடப் படாமல், வெள்ளையாக நின்றது. அதற்கு நேர் கீழே ஜன்னல். கண்ணாடி துடைத்துவிட்டதைப்போலத் தெளிவாக, இருட்டாக இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடியின் உட்புறம், கீழ் ஓரத்தில், உள்ளங்கையளவுக்கு ஆவி படிந்தது. படிந்தது கலையவில்லை. கொஞ்சம் அகன்று, கொஞ்சம் மேலே ஏறியது. கட்டைகளின் பாரம் கையை அறுத்தது. கலாவதி அவற்றை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, பனியில் கால் புதைய, அது ஒரு ஆளின் முகத்தின் உயரத்துக்கு ஏறுவதைப் பார்த்தபடி நின்றாள்.