குடை அச்சுப் போட்ட வேட்டி

வாலிகண்டபுரம் சிவன் கோயில் வாசலில் கற்பூரத்தை அணைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய் கிடையாது. செல்லக்கண்ணு செத்துப்போனார். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். குளிப்பாட்டினவர்கள் இருக்கிறார்கள், குழி வெட்டினவர்கள் இருக்கிறார்கள்.

அரியலூர் பஸ்ஸிலிருந்து இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்த மகள் வேம்பு, கூட்டத்தை விலக்கி உள்ளே போனதும் முதலில் பார்த்தது அப்பாவின் முகத்தை அல்ல. அவர் இடுப்பிலிருந்த குடையை.

நெற்றியில் காசு வைத்து பெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள். மடிப்புக் கலையாத புது வேட்டி. அதன் மூலையில் நீல மையில் ஒரு குடை அச்சு.

எமர்ஜென்சி முடிந்து வந்த தேர்தலில் அரியமுத்துவின் சின்னம் குடை. ஓட்டுக்கு முந்தின நாள் வீட்டுக்கு ஒரு வேட்டி வந்து இறங்கியது. ஊரே இடுப்பில் குடையோடு திரிந்த அந்த வருஷம் மழை மட்டும் பெய்யவில்லை. மேகம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இங்கேதான் எல்லாரிடமும் குடை இருக்கிறதே என்று செட்டிகுளம் பக்கம் போய்விட்டது. இதுவும் சத்தியம்தான். அரியமுத்து ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனார்.

செல்லக்கண்ணு மட்டும் தனக்கு வந்த வேட்டியைத் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டினார். வேட்டி கொடுத்து ஜெயித்தது செல்லாது, அந்த ஆள் இனிமேல் தேர்தலிலேயே நிற்கக்கூடாது என்று மெட்ராஸ் வரை போய் மனுப் போட்டார். கடலைக்கொல்லையில் களை வெட்டுகிற மனுஷன். அவரை முன்னே தள்ளிவிட்ட தோற்ற வேட்பாளர், கேஸ் விசாரணைக்கு வருவதற்குள் அரியமுத்துவுக்குச் சம்பந்தி ஆகிவிட்டார். மற்றவர்களுடைய வேட்டிகளில் துவைத்துத் துவைத்துக் குடை கரைந்துபோயிற்று. மிஞ்சிய சாட்சி இது ஒன்றுதான்.

திங்கட்கிழமை விசாரணை. நெஞ்சுவலியோடு அப்பாவால் வர முடியாது என்று சொல்லத்தான் வேம்பு அரியலூர் வக்கீலிடம் போயிருந்தாள். ஒருவேளை அவருக்கு ஏதாவது ஆனாலும் இன்னொரு ஓட்டர் அந்த இடத்தில் நின்று கேஸை நடத்தலாம், வேட்டி மட்டும் பத்திரம் என்று வக்கீல் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில்தான் இங்கே உயிர் போயிருக்கிறது.

“இத யாரு எடுத்துக் கட்டுனது?”

அத்தை ஆண்டாயி அழுகையை நிறுத்தினாள். “பொட்டியில புதுசா கெடந்துச்சுடி. எந்தம்பி என்னைக்காச்சும் புதுசு கட்டிப் பாத்திருக்கானா? போறப்பவாச்சும் கட்டிக்கிட்டுப் போவட்டும்னு நாந்தான் பூட்ட ஒடச்சேன்.”

“அது கேஸு வேட்டி அத்த. உசுரோட இருந்தப்ப ஒரு நாளும் இடுப்புல ஏத்தாதத, செத்தப்புறம் ஏத்தி வுட்டுட்டீங்களே.”

கழற்ற வேண்டும் என்றாள் வேம்பு. எழவு வீடு சந்தைக்கடை ஆயிற்று. பிணத்துக்குக் கட்டினதைக் கழற்றினால் ஊருக்கு ஆகாது என்றார்கள். அப்பன் குழிக்குப் போகிற நேரத்தில் கோர்ட்டு பேசுகிறாளே என்றார்கள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் ராகம் மாறாமல் ஒப்பாரிக்குள்ளேயே தங்கள் அபிப்பிராயத்தைச் சொன்னார்கள். வேம்பு அப்பாவின் தலைமாட்டை விட்டு நகரவில்லை. அந்த வேட்டி மண்ணுக்குள் போனால் கேஸும் அதோடு மண்ணுக்குள் போய்விடும்.

அப்போதுதான் ஜீப் வந்து நின்றது. அரியமுத்து இறங்கினார். மாலையைப் போட்டுக் கும்பிட்டு நிமிர்ந்தவர் கண்ணில் குடை பட்டது. துண்டால் வாயை மூடிக்கொண்டார். துக்கம் என்று நினைத்தவர்கள் நினைத்திருக்கலாம்.

“எவ்வளவு மல்லுக்கட்டுனாலும் அண்ணன் கடைசியில நம்ம வேட்டியோடதான் போறாரு” என்றார் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். செல்லக்கண்ணு வீட்டுச் சோற்றைத் தின்றவர்கள்தான். வேம்புவுக்குக் காது மடல் எரிந்தது.

அரியமுத்து கையை நீட்ட, டிரைவர் பிணத்துக்குப் போர்த்தக் கோடி வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அதைப் பிரித்துப் பிணத்தின் மேல் போர்த்தினார். நழுவிக் கீழே விழுந்தது. எடுத்து மறுபடி போர்த்தினார். மறுபடி விழுந்தது. வாசல் வேப்பமரத்தில் ஒரு இலை ஆடவில்லை, காற்று என்று யாரும் சொல்ல முடியாது. மூன்றாம் தடவை விழுந்தபோது வேம்பு கையில் பிடித்தாள். பிடித்த மூலையில் அதே நீலக் குடை. தேர்தலுக்கு வாங்கியதில் மிச்சம்.

தேடிப் போகாத சாட்சி தன் காலாலேயே வந்து நிற்கிறது என்று நினைத்தாள். வேட்டியைத் தூக்கிப் பிடித்தாள்.

“எல்லாரும் பாத்துக்கங்க. யாரு கொண்டாந்து போட்டதுன்னு நல்லா பாத்துக்கங்க.”

அரியமுத்துவுக்குக் கோபம் வரவில்லை. “நல்லா பாக்கட்டும்மா. பொணத்துக்குக் கோடி போட்டா லஞ்சமா? பொணத்துக்கு ஏது ஓட்டு?”

ஜீப் போன புழுதி அடங்கியது. பிறகு ஆண்டாயி எழுந்தாள். கொடியில் கிடந்த சேலையை இழுத்து, பக்கத்திலிருந்த பெண்களிடம் இரண்டு முனையையும் கொடுத்தாள். “மறைச்சுப் புடிங்கடி.” ஆம்பளைகளை வெளியே போகச் சொன்னாள். போனார்கள்.

வேம்பு அப்பாவின் பழைய வேட்டியைக் கொண்டுவந்தாள். முழங்காலில் தையல் போட்டது, கடலைக்கொல்லைச் செம்மண் போகாதது. முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினாள். அத்தை கட்டிவிட்டாள். அதோடுதான் செல்லக்கண்ணு குழிக்குப் போனார்.

திங்கட்கிழமை வாய்தா ஆனது. சில மாதம் கழித்து வேம்பு அப்பா இடத்தில் நின்று இரண்டு வேட்டியையும் கோர்ட்டில் வைத்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் அவளிடம் மரியாதையாகத்தான் பேசினார். இரண்டுமே இழவுக்கு எங்கள் கட்சிக்காரர் கொடுத்தவை, கட்டியது ஒன்று, போர்த்தியது ஒன்று, ஊரே சாட்சி என்றார். ஊரும் பஸ் பிடித்து வந்து, ஆமாம், பொணத்து மேல பாத்தோம் என்றது. பொய் சொல்லவில்லை. வேம்பு பார்க்கச் சொன்னதைத்தான் பார்த்திருந்தார்கள். இறந்தவருக்கு ஓட்டு இல்லை, ஆகவே அவருக்குக் கொடுத்தது லஞ்சம் ஆகாது என்று மனு தள்ளுபடி ஆயிற்று.

கோர்ட்டு திருப்பிக் கொடுத்த வேட்டிகளை வேம்பு களத்தில் விரித்துக் கடலை காயப்போட்டாள். எத்தனை வெயில் அடித்தும் குடை வெளுக்கவில்லை. ஆண்டாயி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சுற்றிக்கொண்டு போனாள்.

அடுத்த தேர்தலில் எங்கள் ஊர்ச் சாவடியில் விழுந்த முதல் ஓட்டு செல்லக்கண்ணு போட்டது.