அதே டிஸ்க்கில் போடாதீர்கள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. பத்திரிகை ஆசிரியர் ஒருவர் போன் செய்து, "சும்மா கிடைக்கிற நல்ல சாப்ட்வேரா பார்த்து ஒரு கட்டுரை குடுங்க. விண்டோஸ், மேக், லினக்ஸ், மூணுக்கும் ஆகிற மாதிரி நாலு சொன்னா போதும். ஜனங்க வெட்டி வச்சுக்கணும்" என்றார். நான் பேரம் பேசுகிறவர்கள் நடுவில் வளர்ந்தவன். இலவசம் என்று யாராவது சொன்னால் எங்கள் வீட்டில் முதலில் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். இருந்தாலும் ஒப்புக்கொண்டேன்.

ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். எழுத்து வேலைக்கும் கணக்கு வேலைக்கும் லிப்ரேஆபிஸ். படம் பார்க்க வி.எல்.சி.; எந்த வீடியோவைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காது. போட்டோவைத் திருத்த ஜிம்ப். பழகும்வரை அழவைக்கும், பழகிவிட்டால் விடமாட்டீர்கள். ஒலியை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி. கேட்டது நாலு. ஐந்தாவது என் கொசுறு: அழிந்துபோன கோப்புகளை மீட்டுத் தரும் மென்பொருள் ஒன்று உண்டு, அதன் பெயர்

அந்த வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. பெயரை எழுதப்போன நேரத்தில், லேப்டாப்பை லைனிங் துணியில் சுற்றிக்கொண்டு ஒரு தையல்காரர் கட்டுரைக்குள் வந்து நின்றார். வந்தவரை வெளியே போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2

ஆரம்பம், முதல் முயற்சி: "அந்தக் கடையின் அலமாரிகளில் செத்த கணினிகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன." அடித்துவிட்டேன். சாவு வரப்போகிற கதையைச் சாவில் ஆரம்பிப்பது, கடைசி விலையைச் சொல்லிவிட்டுப் பேரத்துக்கு உட்காருவது மாதிரி.

இரண்டாவது: "மகளை இழந்த தையல்காரரின் கண்களில்" (வேண்டாம். கண்ணுக்குள் போனால் நான் வெளியே வரமாட்டேன்.)

மூன்றாவது நிற்கிறது: மெக்கானிக்குக் கையைவிட வாய் தாராளம்.

அவள் கணினி ரிப்பேர் கடை வைத்திருந்தாள். திருகாணிகள் மாத்திரை டப்பாக்களில் கிடக்கும். ஸ்டூலில் எப்போதும் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். ரிப்பேருக்குக் கூலி வாங்குவாள். யோசனையைக் கொசுறாகத் தருவாள். எந்த மிஷினுக்கு எது இலவசம், எது இலவசம் மாதிரி வந்து கழுத்தைப் பிடிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தெருவில் பாதிப் பேர் அந்தக் கொசுறுக்காகவே அவளிடம் வந்தார்கள்.

அழிந்த கோப்பு என்று யாராவது வந்தால் மட்டும் அவள் முகம் மாறிவிடும். "மொதல்ல மிஷினை அணைங்க. புதுசா எதையும் ஏத்தாதீங்க. அப்படியே தூக்கிட்டு வாங்க" என்பாள். காரணம் சின்னது. நாம் அழிக்கும்போது டிஸ்க் எதையும் அழிப்பதில்லை. அறை வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையை மட்டும் கழற்றிவிட்டு, 'காலி' என்று எழுதி வைக்கிறது. ஆள் உள்ளேதான் இருப்பார். வேறு ஒருவரை அந்த அறையில் கொண்டுபோய்த் தள்ளினால்தான் அவர் போவார். போனால் போனதுதான்.

இத்தனை தெரிந்தவள் எப்படித் தவறினாள் என்பதுதான் கதை.

3

கீபோர்டு வாங்க வந்த ஒருவர் அவளோடு விலைக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. பக்கத்துத் தெருத் தையல்காரர்.

"ஏம்மா, தெரியாம டிலீட் ஆன வீடியோவத் திருப்பி எடுக்க ஏதோ சாப்ட்வேர் இருக்காமே?"

"இருக்குண்ணே. சும்மாவே கிடைக்குது. பேரை மெசேஜ்ல அனுப்பறேன்."

"மாப்பிள்ளை போட்டுடுவாரு. வேற ஒண்ணும் பண்ண வேண்டாமே?"

கீபோர்டுக்காரர் கதவுப் பக்கம் திரும்பி நடந்தார். போகிற மாதிரி போவது பழைய வித்தை. அவளுக்கும் தெரியும். இருந்தாலும் கண் அவர் முதுகோடு போய்விட்டது.

"அவ்வளவுதாண்ணே" என்றாள். "சார், நில்லுங்க சார்! எவ்வளவுக்குக் கேக்கறீங்க, வாயைத் திறந்து சொல்லுங்க!"

(கீபோர்டு விற்றதா என்று கேட்பீர்கள். விற்றது.)

4

கழுத்தில் இஞ்ச் டேப்போடும் லைனிங் துணியில் சுற்றிய லேப்டாப்போடும் தையல்காரர் வந்தார். பின்னால் மாப்பிள்ளை, பார்சல் டெலிவரிப் பையோடு. உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றான்.

"நீ சொன்னதத்தான் போட்டோம்மா. என்னென்னமோ வந்துச்சு. பழைய சினிமா, பாட்டு, எவனோ கிரிக்கெட் ஆடறது. என் பொண்ணு மட்டும் வரல."

மகள் கர்ப்பமாக இருந்தபோது, வயிற்றில் இருந்த பிள்ளையிடம் பேசிப் பேசி எடுத்த வீடியோக்கள். பிள்ளை வீட்டுக்கு வந்தது. பேசியவள் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வரவில்லை. பேத்தி இப்போதுதான் 'எங்கம்மா எப்படிப் பேசும்?' என்று கேட்க ஆரம்பித்திருந்தாள்.

மெக்கானிக் மாப்பிள்ளையைப் பார்த்தாள். "எங்க தம்பி இன்ஸ்டால் பண்ணீங்க? வந்ததை எங்க சேவ் பண்ணீங்க?"

"அதுலயேதாங்க்கா. காலி இடம் நெறைய இருக்குன்னு காட்டுச்சே."

அவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். டிஸ்க்கைக் கழற்றித் தன்னுடைய லினக்ஸ் மிஷினில் மாட்டி, அதைத் தொடாமல் ஒரு நகல் எடுத்து, நகலில் தேடினாள். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. நகல் முடியும்வரை தையல்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து, லைனிங் துணியை மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார்.

பெயர்கள் கிடைத்தன. 'குட்டிக்கு', 'குட்டிக்கு மறுபடி', 'குட்டிக்குத் தூக்கம் வராதப்போ'. பெயர் இருந்ததால் மகளும் உள்ளே இருப்பாள் என்று ஒரு நொடி மெக்கானிக்குக்கே தோன்றிவிட்டது. முதல் இரண்டிலும் கிரிக்கெட் ஓடியது. மூன்றாவது ஓடவே இல்லை. உள்ளே என்னதான் இருக்கிறது என்று எழுத்தாகத் திறந்து பார்த்தாள். மீட்பு மென்பொருளின் நிபந்தனைகள் வரிசையாக வந்தன. நாம் யாரும் படிக்காமல் 'சம்மதம்' என்று அமுக்குவோமே, அவை. தமிழில் சொன்னால்: இந்த மென்பொருள் இலவசமாக வழங்கப்படுகிறது. இதனால் நேரும் எந்த இழப்புக்கும் நாங்கள் பொறுப்பல்ல.

தாலாட்டு இருந்த இடம் அது.

5

(இந்த இடத்தில் எனக்கு மாப்பிள்ளை மேல் சந்தேகம் வந்தது. இடம் போதவில்லை, இரண்டு இரண்டாக இருந்ததில் ஒன்றை அழித்தேன், இன்னொன்று இருக்கிறது என்று நினைத்தேன் என்கிறான். நம்பலாமா? ஒரு பிரதியில் அவனை அயோக்கியனாகவே எழுதிப் பார்த்தேன். உதட்டில் ஒரு சிரிப்பு வைத்தேன். நிற்கவில்லை. அவன் டெலிவரிப் பையின் வார் அறுந்து, இரட்டைத் தையல் போட்டிருந்தது. தைத்தது மாமனார் என்று பார்த்தாலே தெரியும். சிரிப்பை எடுத்துவிட்டேன்.)

தையல்காரருக்கு அந்த வசதி இல்லை.

"போன மாசம் இவருக்குப் பொண்ணு பாக்க ஆள் வந்துச்சு. இந்த மாசம் என் பொண்ணு மிஷின்லருந்து காணாமப் போறா. இதுக்கு என்ன அர்த்தம்மா?"

"மாமா, சத்தியமா டபுள்னு நெனச்சேன்."

"நெனப்ப."

இதுவரை அந்த வீட்டில் மாப்பிள்ளைக்கு மரியாதை குறைந்ததில்லை. அந்த ஒரு சொல்லில் அதுவும் போனது. தையல்காரர் மெக்கானிக் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உள்ளத சொல்லு. இவன் அழிச்சானே, அப்பவே போச்சா? இல்ல அதுக்கப்புறம்தான் போச்சா? அப்பவேன்னா இவன் இன்னிக்கே பொட்டியக் கட்டட்டும். பிள்ளை என்கிட்ட இருக்கும். அது மூஞ்சியில இவன் முழிக்கவே கூடாது."

மாப்பிள்ளையும் அவள் வாயைத்தான் பார்த்தான். தான் அழித்தபோதே எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் அவனும் நம்பினான். அவனைக் காப்பாற்றக்கூடிய பதில் ஒன்று இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரியாது.

6

கட்டுரைக்குத் திரும்பினேன். எந்த மிஷின்காரருக்கு எந்த முடிவு என்று சிபாரிசு செய்வதுதானே என் வேலை.

விண்டோஸ்காரர்களுக்கு: அவள் "டிஸ்க்கே பழசுண்ணே, தானா போயிருக்கு" என்கிறாள். அணைத்துப் போட்டால் எதுவுமே நடக்காத மாதிரி எல்லோரும் மறுபடி வணக்கம் சொல்கிறார்கள். நன்றாக விற்கும் முடிவு. ஆனால் கேட்டவர் இரண்டே பதில்களைத்தான் கவுன்டர்மேல் வைத்தார். மூன்றாவதை அவர் கையால்கூடத் தொடமாட்டார்.

மேக்காரர்களுக்கு: ஒரே ஒரு வீடியோ பிழைத்துக் கிடைக்கிறது. அதில் மகள், "குட்டி, உங்கப்பாவைத் தாத்தா திட்டினா நீதான் கேக்கணும்" என்கிறாள். மூன்று பேரும் அழுகிறார்கள். பளபளப்பு கண்ணைப் பறிக்கிறது; உள்ளே திறந்து பார்க்க ஒரு திருகுகூடக் கிடையாது. எழுதி முடித்ததும் எனக்கே கூச்சமாகிவிட்டது. செத்தவளைக் கூப்பிட்டு என் வேலையைச் செய்யவைப்பதா?

லினக்ஸ்காரர்களுக்கு: எல்லாம் திறந்து கிடக்கும். "அவர் அழிச்சப்போ போகலண்ணே. நான் சொன்னதைப் போட்டப்போதான் போச்சு. ஒரு வரி சொல்லாம விட்டுட்டேன்" என்கிறாள். அதற்குப் பிறகு ஆளாளுக்குத் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். கடைப் பேர் அந்தத் தெருவில் அத்தோடு

இல்லை, கடையோடு நிற்காது. போனில் 'அவ்வளவுதான்' என்று கேட்டு, அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மாப்பிள்ளையிடம் "போடுங்க" என்று சொன்னது தையல்காரர். அவள் வாயைத் திறந்தால், இன்று இரவு அவர் தன் மகளைத் தானே அந்த அறையிலிருந்து தள்ளிவிட்டதாக நினைத்துக்கொண்டு படுக்க வேண்டும். 'அதை அவர் தாங்கமாட்டார்' என்று மெக்கானிக் யோசிக்கிறாள். அது இரக்கமா, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வந்த சாக்கா? இரண்டும் ஒரே தராசில் ஒரே எடை காட்டுகின்றன. எத்தனையோ தராசு பார்த்தவன் நான். என்னாலும் சொல்ல முடியவில்லை.

7

ஆசிரியர் மறுபடி போன் செய்தார். "என்னங்க, முடிச்சிட்டீங்களா?"

"ஒரு வரி பாக்கி."

"ஒரு வரிதானே? சும்மா ஏதாவது போட்டு அனுப்புங்க."

சும்மா ஏதாவது போட்டுத்தான் இந்தக் கதையே நடந்தது. அனுப்பவில்லை.

கடையில் அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை. தையல்காரர் கேள்வியை வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். நிலைப்படியில் நிற்பவன், இரட்டைத் தையல் போட்ட வாரைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். பேத்தி பள்ளி விட்டு வந்தால் கதவைத் திறக்கப்போவது யார் என்பது மெக்கானிக்கின் அடுத்த சொல்லில் இருக்கிறது.

முடிவை நீங்கள் எழுதுவதானால் எழுதுங்கள். எந்த மென்பொருளிலும் எழுதலாம்; லிப்ரேஆபிஸ் போதும், காசில்லை. ஆனால் அவள் சொல்லாமல் விட்ட அந்த வரியை நான் சொல்லிவிடுகிறேன். வேறு எங்காவது எழுதுங்கள். இதன் கீழே காலியாகத் தெரிகிறதே, அந்த இடத்தில் வேண்டாம். அங்கே அவன் இன்னும் நின்றுகொண்டிருக்கிறான்.