பின் சீட்டு

சாகும்போதுகூடக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டுதான் செத்திருக்கிறான் மனுஷன் என்று நினைத்தபடி, பெயர்ந்து தொங்கிய கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு தாட்சாயணி உள்ளே போனாள்.

நேற்றுக் காலை அடுத்த வீட்டுக்காரர்கள் கடப்பாரை போட்டு நெம்பியபோது உதிர்ந்த மரச்சிராய் அப்படியே தரையில் கிடந்தது. யாரும் கூட்டவில்லை. அவளும் கூட்டவில்லை. இந்த அறைக்குள் துடைப்பம் நுழைந்து வருஷங்களாகிவிட்டன. கடைசியாக அவள் கூட்டிய அன்று ஏதோ ஒரு பொம்மைக் காரின் சைடு மிர்ரர், மிளகைவிடச் சின்னது, குப்பையோடு போய்விட்டது. அவள் புருஷன் வெங்கடரமணன் குப்பைக்கூடையை வாசலில் செய்தித்தாள்மேல் கவிழ்த்து, முருங்கைக்காய்ச் சக்கைகளுக்கும் தலைமுடிக்கும் நடுவே டார்ச் அடித்துக்கொண்டு குந்தியிருந்தான். தெருவே பார்த்தது. கிடைத்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். மறுநாள் உள்பக்கம் புதுத் தாழ்ப்பாள் வந்தது.

பெயின்ட் தின்னர் வாடை இன்னும் போகவில்லை. சுவர் நீளத்துக்குக் கண்ணாடி அலமாரி. உள்ளே கார்கள், ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம். அமெரிக்காக்காரன் வண்டி, ஜப்பான்காரன் ரேஸ் வண்டி, கறுப்பு அம்பாசடர். எல்லாம் டப்பாவில் பிளாஸ்டிக் துண்டுகளாக வந்து, இவன் தேய்த்து ஒட்டி வர்ணமடித்து நிறுத்தியவை. மேஜைமேல் ட்வீசர், உப்புத்தாள், காய்ந்த பிரஷ். அவன் தலை சாய்ந்திருந்த இடம் மட்டும் தூள் படியாமல் பளிச்சென்றிருந்தது.

இவற்றில் எதை எடுத்துக்கொண்டு போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கேட்டது அவன் தங்கை இந்திராணி. நகரியிலிருந்து நேற்று மதியமே வந்து இறங்கி, ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடிமேல் விழுந்து அண்ணா அண்ணா என்று அலறியவள், இன்று காலை தொண்டை கட்டிய குரலில் ஆரம்பித்தாள்.

"அண்ணி, அண்ணன் உசுரா ஒரு வண்டி பண்ணிக்கினு இருந்தான் இல்ல. வெள்ள வண்டி. போன்ல எனுக்கு ஒருவாட்டி காட்டினான். அத அவன் நெஞ்சுமேல வெச்சி அனுப்பிடலாம். கூடவே போவட்டும்."

"பிளாஸ்டிக்குடி. எரியாது, பொகயும். சுடுகாட்டுல வெட்டியான் நம்பளத்தான் திட்டுவான்" என்றார் அவள் புருஷன் முனிரத்தினம்.

"நீ சும்மா இரு."

தாட்சாயணி உடனே சொன்னாள். "எடுத்துக்கோ. அது ஒண்ணு இன்னாத்துக்கு, அலமாரியோட எடுத்துக்கோ. எல்லாத்தயும் போட்டுக் கொளுத்து."

கூடத்தில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்திராணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நேத்துலருந்து ஒரு சொட்டு கண்ணீர் வுடல மகராசி. கதவு சாத்திக்கினு கெடந்தானே, உள்ள இருக்கறவன் துன்னானா துன்னலயான்னு எட்டிப் பாத்தியா நீ?"

"வெளிய இருக்கறவ துன்னாளான்னு உங்க அண்ணன் பாத்தானா?"

அதற்குமேல் பேச்சு வளராமல் முனிரத்தினம் இருமினார். தாட்சாயணி எழுந்து வந்துவிட்டாள்.

அழுகை வரவில்லை என்பது உண்மைதான். அதற்காக அவள் வெட்கப்படவுமில்லை. அவளுக்கு இவனிடமிருந்து ஒன்றே ஒன்று வரவேண்டியிருந்தது. ஒரே ஒரு வார்த்தை. அதைக் கொடுக்காமலே போய்விட்டான். இனி யாரிடம் போய்க் கேட்பது?

சொந்தக் கார் வாங்கிய வாரம் திருப்பதியில் சீட் கவர் போடப் போயிருந்தார்கள். சிவப்பும் கறுப்புமாக ரெக்ஸின். அவனே நின்று பார்த்துப் பொறுக்கியது. பின் சீட்டுக்கு வந்தபோது, பெல்ட்டை உள்ளே விட்டால் கவர் ஒழுங்காக நிற்குமே என்று கடைக்காரன் தெலுங்கில் கேட்டான், "பெல்ட்டு லோபல பெட்டேத்தாமா, சார்? கவரு நீட்டுகா உண்ட்டுந்தி."

"லோபலே பெட்டு" என்றான் இவன்.

"வெளிய வுடச் சொல்லுங்களேன். உள்ள போட்டா எப்படி எடுக்கறது?" என்றாள் அவள்.

"பின்னாடி எவன்டி பெல்ட்டு போடறான்? ஒனக்கு இன்னா தெரியும் வண்டியப் பத்தி?"

கடைக்காரன் பெல்ட்டைப் பக்கிளோடு மடக்கிச் சீட்டில் வைத்து அதன்மேல் கவரை இழுத்துக் கட்டிவிட்டான். சுருக்கம் இல்லாமல் இருந்தது. இவன் கையால் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டான்.

அந்தச் சீட்டில்தான் மகள் ஹரிப்ரியா தூங்கிக்கொண்டு வந்தாள். திருப்பதியில் காலேஜ், ஹாஸ்டல். சனிக்கிழமை சாயங்காலம் அப்பன் போய் அழைத்துவருவான். சந்திரகிரி தாண்டி, ரோட்டோரம் நின்றிருந்த லாரிமேல் கொண்டுபோய் மோதினான். முன்னால் பெல்ட் போட்டிருந்தவனுக்குத் தோள்பட்டையில் ஒரு கோடு. பின்னால் இருந்தவள் கண்ணாடியைத் தாண்டி ரோட்டில் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் கான்ஸ்டபிள் எழுதிக்கொண்டே, "வெனக்க பெல்ட்டு லேதா?" என்று பின் சீட்டு பெல்ட்டைப் பற்றிக் கேட்டபோது தாட்சாயணி புருஷனின் முகத்தைப் பார்த்தாள்.

"லாரிக்காரன் பார்க்கிங் லைட்டு போடல, சார்" என்றான் அவன்.

காரியம் முடிந்த அன்றும் கேட்டாள். வருஷ திதியன்றும் கேட்டாள். சண்டையாகக் கேட்டாள், கெஞ்சியும் கேட்டாள். "அந்த பெல்ட்ட பத்தி ஒரு வார்த்த சொல்லு. நான் உள்ள போடச் சொன்னது தப்புன்னு ஒருவாட்டி சொல்லு, போதும்." ஒவ்வொரு முறையும் லாரிக்காரன் லைட் போடாமல் வந்து நின்றான். பிறகு அவன் இந்த அறைக்குள் போய்விட்டான். வெளியே அவள் மிக்ஸி போட்டால்கூட மேஜை அதிர்கிறது என்று உள்ளிருந்து சுவரைத் தட்டுவான். அவள் வேண்டுமென்றே இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டுவாள்.

"அக்கா."

வாசற்படியில் ஒருவன் கையில் மாலையோடு நின்றான். திருப்பதியில் செல்போன் கடை வைத்திருக்கும் யோகேஷ். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து இவனோடு அறைக்குள் அடைந்துகொள்வான். அவனுக்கும் இதே பைத்தியம்.

"உங்க அண்ணனுக்கு டப்பா டப்பாவா வாங்கிக் குடுத்தது நீதான?"

"ஆமாக்கா" என்றான் அவன், திட்டு வாங்கத் தயாராக.

"எதோ வெள்ள வண்டியாம். எதுன்னு எடுத்துக் குடு. அவங்க தங்கச்சி கேக்கறா, கூட வெச்சிக் கொளுத்தணுமாம்."

யோகேஷின் முகம் மாறியது. மாலையை நாற்காலிமேல் வைத்துவிட்டு, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கண்ணாடிப் பெட்டியை எடுத்தான். மூடியைத் திறந்து இரண்டு கைகளாலும் காரை ஏந்தினான்.

"கொளுத்தறதா? அக்கா, இதுக்கு டப்பா செட்டே கெடயாது தெரியுமா? இந்த ஆல்ட்டோவ எந்தக் கம்பெனியும் போடல. பிளாஸ்டிக் ஷீட்ட வெட்டி, புட்டி பேஸ்ட் வெச்சி, தேச்சி, அத்தனயும் அண்ணனே பண்ணாரு. அஞ்சாறு வருஷம். மத்ததெல்லாம் ஒரு மாசத்துல முடிச்சிடுவாரு, இத மட்டும் முடிக்கவே இல்ல."

அவள் கைநீட்டவில்லை. பார்த்தாள். அவர்களுடைய வண்டி. அதே நம்பர். பின் பம்பரில், வீட்டு கேட்டில் இடித்த கீறல். ஒரு சக்கரத்துக்கு மூடி இல்லை. அது கார்வேட்டிநகரம் போன அன்று விழுந்து தொலைந்தது. கண்ணாடியோரம் ஹரிப்ரியா ஒட்டிய மஞ்சள் ஸ்மைலிகூட இருந்தது, கடுகளவு. மோதுவதற்கு முந்தைய வண்டி. சப்பையாகாத வண்டி. மகளை ஆஸ்பத்திரியிலிருந்து மூட்டையாகக் கொண்டுவந்தவன் வண்டியை மட்டும் பழுது பார்த்து நிறுத்தி வைத்திருக்கிறான்.

"கூரைய ஒட்டலக்கா, தூக்கினா உள்ள தெரியும்" என்று யோகேஷ் வெள்ளைக் கூரையை நகத்தால் நெம்பி எடுத்தான். "முன் சீட்டு பெல்ட்டு பாருங்க. நகரியில ஒரு தறியிலருந்து எடுத்தாந்த நாடா. பக்கிள் அவரு பிரஷர் மாத்திர அட்ட ஃபாயில்."

"பின்னாடி?"

"பின்னாடி பெல்ட்டு இல்லக்கா. வெக்கல." அவன் தயங்கினான். "அங்க ஒரு ஃபால்ட்டும் இருக்குது. இந்த வண்டியிலயே அது ஒண்ணுதான் ஃபால்ட்டு. லெஃப்ட் சைடுல சீட்டு மேடாயிருக்கும். புட்டி சரியா தேயலன்னு நெனச்சேன். நான் தேச்சித் தரேண்ணேன்னு உப்புத்தாள எடுத்தேன். கைய தட்டி வுட்டாரு. என்னிக்கும் அப்படி கோச்சிக்கினதில்ல. அது இருக்கணும், கை வெக்காதன்னாரு. அவரேதான் அத வெச்சிருக்காரு. தேய்ப்பாரு, பாப்பாரு, பத்தலன்னு மறுபடி வெப்பாரு. போன வாரம்கூட அதுலதான் ஒக்காந்திருந்தாரு. ஏண்ணேன்னு கேட்டேன். சொல்லல."

தலையில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடி மேஜையில் கிடந்தது. பட்டையில் அவன் தலை எண்ணெய் பிசுபிசுத்தது. தாட்சாயணி அதை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

சிவப்பும் கறுப்புமான சீட். தையல் வரிகள் ஒவ்வொன்றாகக் கீறப்பட்டிருந்தன. வலது பக்கம் சுருக்கமில்லாத ரெக்ஸின். இடது பக்கம், சாய்மானத்தில், கவருக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய வரப்பு சாய்வாக இறங்கி வந்தது. இறங்கி, கீழே ஒரு சதுர மேட்டில் நின்றது. மேட்டின்மேல் ரெக்ஸின் லேசாக விறைத்திருந்தது, அடியில் பக்கிள் மடங்கிக் கிடப்பதுபோல.

*நைனா, இங்க என்னமோ முதுவுல குத்துது.*

*தள்ளி ஒக்காரும்மா.*

ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்பனிடம் சொன்னாள் பெண். வந்து இறங்கியதும் இடுப்பைத் தேய்த்துக்கொண்டு தாயிடமும் சொல்வாள். பிறகு அதையே விளையாட்டாக்கி, அந்த மேட்டுக்கு ஒரு துண்டை மடித்து வைத்துத் தலையணையாக்கி, அங்கேயேதான் தூங்குவாள்.

வேறு யாருக்கும் தெரியாது. இந்தப் பையனுக்குத் தெரியவில்லை. இந்திராணிக்குத் தெரியாது. உலகத்தில் அந்த மேட்டைத் தெரிந்த மூன்று பேரில் ஒருத்தி முன்பே போய்விட்டாள், ஒருத்தன் ஃப்ரீசர் பெட்டிக்குள் கிடக்கிறான்.

வாயால் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். வருஷக்கணக்காகப் புட்டி வைத்துத் தேய்த்திருக்கிறான்.

அவள் நிமிர்ந்தாள். பூதக்கண்ணாடிக்குள் யோகேஷின் முகம் பெரிதாகக் கலங்கித் தெரிந்தது. அதைக் கழற்றி மேஜைமேல் எறிந்தாள். வந்தது துக்கமில்லை. பெட்டிக்குள் கிடக்கிறவனை எழுப்பி உட்காரவைத்து அறைய வேண்டும் போல இருந்தது.

"கூரைய மூடு" என்றாள். மூடியதும் வாங்கிக்கொண்டாள். எடையே இல்லை. யாரோ வந்து கூப்பிடும்வரை அதைக் கையில் வைத்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

வெளியே மேளம் சூடேறியிருந்தது. பெட்டியிலிருந்து எடுத்துக் குளிப்பாட்டிப் பாடையில் கிடத்தியிருந்தார்கள். வாய்க்கரிசி முடிந்துவிட்டது. முனிரத்தினம் நேரமாகிறது என்று பையன்களை விரட்டிக்கொண்டிருந்தார். இந்திராணி அண்ணனின் மார்பில் கிடந்த மாலைகளை விலக்கி, காருக்கு இடம் செய்துவைத்திருந்தாள்.

"கொண்டாந்துட்டியா? குடு அண்ணி."

தாட்சாயணி பாடைக்கு அருகில் வந்து நின்றாள். கட்டிய தாடைக்குமேல் உதடுகள் அழுத்தமாக மூடியிருந்தன. எப்போதும்போல.

"அண்ணி, தூக்கப்போறாங்க. குடு."

"இது வேணாம்."

"காலயில நீதான சொன்ன, எல்லாத்தயும் எடுத்துக்கோன்னு?"

"மத்ததெல்லாம் எடுத்துக்கோ. இது இங்க இருக்கட்டும்."

"செத்தவன்மேல இன்னுமா கோவம் ஒனக்கு? இத்தினி பேரு முன்னாடி கேக்கறேன். ஒரு பொம்ம வண்டி. இதக்கூட அவனுக்கு வுட்டுக் குடுக்க மாட்டியா?"

இந்திராணியின் இரண்டு கைகளும் பாடைக்கு மேலே நீண்டிருந்தன. தூக்குகிறவர்கள் குனிந்தபடி காத்திருந்தார்கள். மேளக்காரன்கூட அடியைக் குறைத்தான்.

"மாட்டேன்" என்றாள் தாட்சாயணி, பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்காத குரலில்.

பாடை எழுந்தது. யாரோ வாரி இறைத்த பொரியில் ஒன்று வந்து காரின் கூரைமேல் உட்கார்ந்தது. அவள் அதை விரல் நுனியால் மெல்லத் தள்ளிவிட்டு, தூசி படாமல் முந்தானையை எடுத்து மேலே போர்த்தினாள்.