நீவெஸ் அழைத்த விருந்தாளி

நீவெஸ் கத்தியை இறைச்சித் துண்டின் பக்கவாட்டில் செருகி, எலும்பைத் தொடும்வரை நிதானமாக உள்ளே தள்ளினாள். மேலும் கீழும் கிழியாமல் நடுவில் மட்டும் ஒரு பை போலத் திறந்துகொண்டது. அதை அண்ணன் பக்கம் நகர்த்திவிட்டு அடுத்த துண்டை இழுத்தாள்.

மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த கொர்ராதோவுக்குச் சின்ன வேலைதான். ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு சீவல் பன்றி ஹாம், ஒரு சீவல் ஃபொந்தீனா சீஸ். அதையும் வேண்டாவெறுப்பாகச் செய்துகொண்டிருந்தார்.

“சீஸ் வெளிய எட்டிப் பாக்குது பார். உள்ள தள்ளு. வெண்ணெய்ல போட்டதும் மொத்தமும் ஒழுகிடும்.”

“ஒழுகட்டும். அந்த நீச்சல்குளத்து ஆளுக்குத் தெரியவா போகுது?”

“அவருக்குப் பேர் இருக்கு.”

“இருக்கும். அதுலயும் குளோரின் வாசனை அடிக்கும்.”

நீவெஸ் சிரித்தாள். அந்த வாரம் முழுக்க அவர் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டிருந்தாள். சண்டை போட்டிருந்தாலாவது அவருக்குக் கொஞ்சம் பிடிமானம் கிடைத்திருக்கும்.

எல்லாம் அவளுடைய முழங்காலால் வந்தது. வசந்தத்தில் அறுவை சிகிச்சை ஆனதும், தண்ணீரில் நடந்து பழகச் சொல்லி டாக்டர் நகராட்சி நீச்சல்குளத்துக்கு அனுப்பினார். மலையூரான அவோஸ்தாவிலேயே பிறந்து வளர்ந்து, கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காதவள். அங்கே குளத்தைப் பார்த்துக்கொள்பவர் அதெல்மோ, மனைவியை இழந்தவர். “உனக்கு நீச்சலே தெரியாதே,” என்று கொர்ராதோ அப்போதே கேட்டார். “தெரியாததாலதான் கையப் பிடிச்சுக்கிட்டார்,” என்றாள் நீவெஸ். போன ஞாயிற்றுக்கிழமை, பாத்திரம் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி, “அதெல்மோ கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டார். சரின்னுட்டேன். அடுத்த வாரம் சாப்பிட வரார்,” என்றாள். கொர்ராதோ எழுந்து போய் டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

புருஷன் இறந்தபோது, ஒரு குளிர்காலம் மட்டும் இருந்துவிட்டுப் போகிறேன் என்று இரண்டு பெட்டிகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் அவள். அந்தக் குளிர்காலம் முடியவே இல்லை. கொர்ராதோ கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தபால் நிலையத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், தன் சட்டைகள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்றுகூட அவருக்குத் தெரியாது.

“மூணு பேருக்கு எதுக்கு நாலு துண்டு?”

“அவர் ரெண்டு சாப்பிடுவார்.”

“கறிக்கடைக்காரனுக்கு நல்ல காலம்.”

“நீயும்தான் ரெண்டு சாப்பிடுவே. நான் எண்ணிக்கிட்டா இருந்தேன்?”

அவள் துண்டுகளின் ஓரங்களைச் சின்னச் சுத்தியால் தட்டித் தட்டி மூடினாள். மாவில் புரட்டி, அடித்த முட்டையில் முக்கி, ரொட்டித்தூளில் அழுத்தி, தட்டில் அடுக்கினாள். மூன்று ஆயிற்று. ஜன்னலுக்கு வெளியே பனி லேசாகப் பெய்துகொண்டிருந்தது. கொர்ராதோ அந்த வாரம் முழுக்கத் தொண்டையில் வைத்திருந்த கேள்வியை, ஹாம் காகிதத்தை மடித்துக்கொண்டே, யாரையோ பற்றிக் கேட்பதுபோலக் கேட்டார்.

“அப்புறம் எங்க இருக்கறதா உத்தேசம்? அவன் வீட்டுலயா?”

“அதைத்தான் இன்னிக்கு உங்க ரெண்டு பேரையும் வெச்சுக்கிட்டு...”

நிறுத்தினாள். ரொட்டித்தூள் அப்பிய கையை மேசைமேல் ஊன்றினாள். “கொர்ராதோ,” என்றாள், கடையில் எதையோ வாங்க மறந்துவிட்டதுபோல. பிறகு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, தட்டுக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்தாள்.

“போதும், நடிக்காதே,” என்றார் கொர்ராதோ. “நான் ஒண்ணும் சொல்லலியே. அவன் வரட்டும், பேசலாம். எழுந்திரு.”

அவள் கன்னத்தில் மாவு ஒட்டியிருந்தது. கண் பாதி திறந்து, அடித்த முட்டைக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் இரண்டு முறை அவள் தோளைத் தட்டினார். மூன்றாவது முறை தட்டியபோது அவள் நாற்காலியிலிருந்து வழுக்கித் தரைக்கு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் யாரோ வேறொருவர் வீட்டில் நடந்ததுபோல இருந்தது. அவர் போட்ட சத்தம் அவர் காதில் விழவில்லை, ஆனால் எதிர்வீட்டுத் தில்தே ஓடிவந்தாள். அவள்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ஆரஞ்சு உடுப்பு போட்ட மூன்று பேர் வந்து மேசையைச் சுவரோரம் தள்ளினார்கள். அதில் ஒருவன், இறைச்சித் தட்டு கவிழ்ந்துவிடாதபடி இரண்டு கையாலும் தூக்கி ஜன்னல் திண்டில் வைத்தான். சின்ன வயது டாக்டர் பெண் மண்டியிட்டு நீவெஸின் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாள். அவள் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டுவதைக் கொர்ராதோ பார்த்தார். பிறகு அழுத்துவதை நிறுத்திவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“இதயம்தான்,” என்றாள். “அவங்களுக்கு எதுவும் தெரிஞ்சிருக்காது.”

கொர்ராதோ தலையாட்டினார். காப்பி போடட்டுமா என்று கேட்டார்.

நீவெஸை அவள் படுக்கையில் கிடத்திவிட்டு அவர்கள் போனார்கள். தில்தே ஈரத்துணியால் அவள் விரல்களைத் துடைத்தாள். முட்டையும் ரொட்டித்தூளும் காய்ந்து நகக்கண்ணில் ஏறியிருந்தன.

“சவ ஊர்திக்கு என் பையன் சொல்லிட்டான், மதியமே வந்துடுவாங்களாம்,” என்றாள் தில்தே. “அந்த மனுஷனுக்குச் சொல்லிட்டியா?”

“எந்த மனுஷன்?”

“இன்னிக்குச் சாப்பிட வரவர்.”

“அவன் நம்பர் என்கிட்ட இல்ல.”

“நீவெஸ் போன்ல இருக்குமே.”

“எனக்குத் திறக்கத் தெரியாது.”

தில்தே போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை. அப்போதுதான் வாசல் மணி அடித்தது.

கொர்ராதோ மனதுக்குள் ஒரு ஆளை வரைந்து வைத்திருந்தார். அகன்ற மார்பு, சாயம் பூசிய மீசை, சத்தமான சிரிப்பு. கதவுக்கு வெளியே நின்றவர் அவரைவிடக் குள்ளம். குளிரில் காதுகள் சிவந்திருந்தன. தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். நூல் கட்டிய கேக் பெட்டியை, குழந்தையைப் பிடிப்பதுபோல, இரண்டு கையிலும் தாங்கிக்கொண்டிருந்தார்.

“நீங்கதான் கொர்ராதோ. போட்டோல பாத்திருக்கேன். மன்னிக்கணும், ரோடெல்லாம் பனி. நீவெஸ் திட்டப் போறா.”

கொர்ராதோ வாயைத் திறந்தார். வார்த்தை அங்கேயே இருந்தது. அதை வெளியே விட்டால் போதும்.

“வாங்க,” என்றார். “கோட்டைக் குடுங்க.”

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தில்தே இருந்தாள். கூடத்தில் மூன்று பேருக்குத் தட்டு வைத்து, வாய் துடைக்கும் துணிகளை விசிறிபோல மடித்து, நீவெஸ் காலையிலேயே மேசையைத் தயார் செய்திருந்தாள். அதெல்மோவை அங்கே உட்காரவைத்துவிட்டு கொர்ராதோ சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து சொல்லிவிடலாம் என்பதுதான் அவர் நினைப்பு.

ஜன்னல் திண்டில் தட்டு இருந்தது. மூன்று துண்டுகள் முழுதாக, நான்காவது மாவு மட்டும் பட்டபடி. அவர் கை அடுப்பைப் பற்றவைத்தது. வாணலியை வைத்தது. ஒரு கட்டி வெண்ணெயைப் போட்டது. வெண்ணெய் உருகி நுரைத்ததும் அவள் எப்படிச் செய்வாளோ அப்படியே, வெண்ணெய் தன்மேல் தெறிக்காதபடி விலக்கி, ஒரு துண்டை மெல்லக் கிடத்தினார். சமைத்துச் சாப்பிட்டு அவருக்கு வருஷக்கணக்காகிவிட்டது. ஆனாலும் கை தடுமாறவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

கூடத்திலிருந்து குரல் வந்தது. “நீவெஸ், வாசனை இங்க வரைக்கும் வந்துடுச்சு.”

கொர்ராதோ அசையாமல் நின்றார்.

“சரி சரி. சமைக்கும்போது பேச மாட்டாளாம், சொல்லியிருக்கா,” என்று அந்தக் குரல் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது.

துண்டைத் திருப்பினார். ஒரு ஓரத்தில் சீஸ் கசிந்து வெண்ணெயில் கருகியது. இரண்டு பக்கமும் பொன்னிறமானதும் தட்டில் எடுத்து, கூடத்துக்குக் கொண்டுபோய், அதெல்மோவின் முன்னால் வைத்தார்.

அதெல்மோ சமையலறைக் கதவையே பார்த்தார். “அவ?”

“நீங்க ஆரம்பிங்க. ஆறினா சீஸ் கெட்டியாயிடும்.”

“வரட்டுமே. சேந்தே சாப்பிடலாம்.”

“சாப்பிடுங்க.”

குரல் ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். அதெல்மோ மறுபேச்சுப் பேசாமல் துணியைக் கழுத்துப்பட்டையில் செருகிக்கொண்டு, எலும்பை ஒரு கையால் அழுத்தி வெட்டினார். மேல்தோல் நொறுங்கியது. உள்ளிருந்து சீஸ் நூலாக இழுபட்டு வந்தது. ஒரு துண்டை வாயில் வைத்து மென்றார். முகம் மலர்ந்தது. மென்றபடியே ஏதோ சொல்ல விரலை உயர்த்தினார்.

“நீவெஸ் செத்துப் போயிட்டா,” என்றார் கொர்ராதோ.

உயர்த்திய விரல் அப்படியே நின்றது.

“காலைல. சமையல்கட்டுல. இதைச் செஞ்சுக்கிட்டிருக்கும்போதே. உள்ள படுக்க வெச்சிருக்கோம்.”

அதெல்மோவின் தாடை நின்றுவிட்டது. ஒரு கன்னம் உப்பியிருந்தது. கொர்ராதோவைப் பார்த்தார், சாத்திய கதவைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். கழுத்திலிருந்த துணியை வாய்வரை கொண்டுபோனார். அவள் விரித்த மேசையில், அவள் செய்ததைத் துப்ப முடியவில்லை. துணியைக் கீழே விட்டார். கண்ணை மூடிக்கொண்டு, கல்லை விழுங்குகிறவர்போல விழுங்கினார். அது இறங்க நேரமாயிற்று. கண்களில் தண்ணீர் வந்துவிட்டது.

“அப்போ,” என்றார், “உள்ள சமைச்சது யாரு?”

“நான்தான்.”

அதெல்மோ எழுந்தார். எந்தக் கதவு என்று அவருக்குத் தெரியாது. குளியலறைக் கதவின் கைப்பிடியைப் பிடித்தார். கொர்ராதோ பக்கத்துக் கதவைக் காட்டினார்.

அவர் உள்ளே போனதும் தில்தே வெளியே வந்தாள். மேசையைப் பார்த்தாள். வெட்டிய இறைச்சியிலிருந்து சீஸ் இன்னும் வழிந்துகொண்டிருந்தது.

“புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?” என்றாள் தாழ்ந்த குரலில். “அந்த மனுஷனை உக்கார வெச்சு சாப்பாடு போட்டியா?”

“சொல்லத்தான் போனேன்.”

“சொல்லப் போனவன் அடுப்பையா பத்த வெப்பான்?”

தில்தே அவரைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. அது அதுவரை எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

படுக்கையறையிலிருந்து அழுகைச் சத்தம் வரும் என்று கொர்ராதோ காத்திருந்தார். வரவில்லை. கதவருகே போய் நின்றார். அதெல்மோ கட்டிலின் கால்மாட்டில், கழுத்தில் துணி தொங்க, போர்வைக்கு மேலாக அவள் வலது முழங்காலில் கையை வைத்தபடி நின்றிருந்தார்.

“இந்த முட்டி போன வாரம்தான் முழுசா மடங்குச்சு,” என்றார். “குளத்துல இருந்தவங்க எல்லாரும் கை தட்டினாங்க. சொன்னாளா?”

“இல்ல.”

கை தட்டினார்கள் என்பது அவருக்குப் புதிது. அன்று வீட்டுக்கு வந்தவள் சூப்பைச் சூடுபண்ணி வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். அவர் எதுவும் கேட்கவும் இல்லை.

“வீட்டைப் பத்தியாவது சொன்னாளா?”

“சொல்ல ஆரம்பிச்சா.”

அதெல்மோ தலையசைத்தார். “நான் இங்க வந்துடணும்னு சொன்னா. அண்ணனைத் தனியா விட்டுட்டு வர மாட்டேன், வேணும்னா நீங்க பெட்டியோட வாங்கன்னா. அவர் ஒத்துக்க மாட்டாருன்னேன். முகமே தெரியாத ஆளை யார் வீட்டுக்குள்ள விடுவாங்க? ‘சீஸ் உள்ள போகட்டும், ஒத்துக்குவான்’னா.”

கொர்ராதோ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“துணி,” என்றார் கடைசியில். “உங்க கழுத்துல.”

அதெல்மோ குனிந்து பார்த்து, துணியை உருவினார். நாலாக மடித்தார். எங்கே வைப்பது என்று சுற்றிலும் தேடிவிட்டுத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மதியம் தாண்டி முற்றத்திலிருந்து ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது. சவ ஊர்தி வந்துவிட்டது, ஆனால் வளைவு வாசலுக்குள் நுழைய வழியில்லை, சாம்பல் நிறக் கார் ஒன்று அடைத்துக்கொண்டு நிற்கிறது, யாருடையது என்று கீழ்வீட்டுக்காரர் கேட்டார்.

“என்னோடது,” என்றார் அதெல்மோ. கோட்டைக்கூட எடுக்காமல் படி இறங்கினார்.

கொர்ராதோ ஜன்னல் வழியாகப் பார்த்தார். குறுகிய முற்றம். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் அடுக்கிய விறகு. கார் உறுமியது, அணைந்தது. மறுபடி உறுமியது, அணைந்தது. கறுப்புக் கோட்டு போட்ட இரண்டு பேர் வெளியே ஊர்தி அருகில் நின்று, அவசரமே இல்லாதவர்கள்போல மலைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கார் கண்ணாடிக்குப் பின்னால் அதெல்மோ இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருப்பது தெரிந்தது.

கொர்ராதோ வீட்டுச் செருப்போடு இறங்கிப் போனார். பனி காலுறைக்குள் புகுந்தது. காருக்குப் பின்னால் போய், சுவரிலிருந்து எவ்வளவு இடம் இருக்கிறதென்று பார்த்துவிட்டு, கண்ணாடியில் தெரியும்படி கையை உயர்த்தினார்.

“வாங்க,” என்றார். “நேரா பின்னால வாங்க. நான் பாத்துக்கறேன்.”

கார் ஒரு சாண் நகர்ந்து நின்றது. அவர் ஓரடி பின்னால் வைத்து, மறுபடி கையை உயர்த்தினார்.