கவை வெடித்த மாமரம்

"மரம் ஏறுறேன், வெளிய நிக்கிறவங்க உள்ளுக்குப் போயிருங்க!"

வழக்கம்போல அழகையா குரல் கொடுத்தான். வளவு மரங்களில் ஏறுகிறவன் அப்படிச் சொல்லித்தான் ஏற வேண்டும். மேலே போனால் அடுத்த வீட்டுக் குளியல் தொட்டி வரைக்கும் கண்ணில் படும். ஆனால் கலேவெலயில் இன்று அவன் மரம் வெட்ட வந்த வீட்டு ஆள் ஏற்கனவே உள்ளேதான் இருந்தார். ஸஹாப்தீன் ஹாஜியார் மௌத்தானதிலிருந்து அவர் மனைவி ஜெஸீமா, கணவன் இறந்தபின் சில மாதம் தனித்திருக்கும் இத்தாவில், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல், முன்னறையோடு கிடந்தார். அந்த அறையின் ஓட்டுக்கு மேலேதான் மாமரத்தின் பெரிய கிளை சாய்ந்திருந்தது. அது அடிமரத்திலிருந்து பிரியும் கவையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு.

போன வருடப் புயலுக்குப் பிறகு ஊர் சனத்துக்கெல்லாம் மரம் என்றாலே பயம் பிடித்துவிட்டது. வில்கமுவயிலிருந்து பலாபத்வல வரை எங்கே போனாலும் அடியோடு சாய்க்கச் சொன்னார்கள். கிளை கழித்தால் இன்னும் முப்பது வருடம் நிற்கும் என்று சொல்லிச் சொல்லி அழகையாவுக்கு வாய் வலித்தது. இப்போதெல்லாம் சொல்வதில்லை. சாய்க்கச் சொன்னால் சாய்த்தான். வீட்டுக்குப் போய்த் தோளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு, சோறு கூட வேண்டாமென்று படுத்தான். மரத்தை வைத்துக்கொண்டு கிளையை மட்டும் எடுக்கச் சொன்ன முதல் வீடு இதுதான். அதுவும் இப்படி வந்து மாட்டிக்கொண்டது.

"இத்தா முடிஞ்சதும் எடுக்கலாமே அண்ணே," என்று ஜெஸீமாவின் மகன் அக்ரம் காலையில் இழுத்தான். டவுனில் புடவைக் கடை வைத்திருக்கிறான். துணி அளந்த கைக்குக் கயிறு புதிது.

"அதுவரைக்கும் இது தாங்காது தம்பி. மாசக்கணக்கா காய்ஞ்சு கெடந்த மரம். மொத மழையக் குடிச்சதும் பாரம் ஏறும், கவை பொளந்துரும். அம்மாவ இன்னிக்கு மட்டும் பின்னால, சமைக்கிற குசினியில இருக்கச் சொல்லுங்க."

"குசினிக்கு முத்தத்தால தானே போகணும். ஒங்கட கண்ணுல படுமாம். அவசியம்னா போகலாம்னு மௌலவி சென்னாரு. உம்மா அதக் கேக்கிறாங்களே இல்ல."

அப்போது முன்னறை வாசல் சீலைக்குப் பின்னாலிருந்து ஜெஸீமாவின் குரல் வந்தது. மகனிடம் பேசுவதுபோல இவனுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஒங்கட வாப்பாக்கு நான் செய்ற கடைசி வேல இது மகன். அதையும் அரகொறயா செய்யச் சொல்லாதீங்க. அவர் வெட்டட்டும். நான் இங்கயே ஈக்கிறேன்."

அழகையாவுக்கு எரிச்சல் வந்தது. கூடவே, தனக்கு அப்படிப் பிடிவாதம் பிடிக்க உலகத்தில் எதுவுமே மிச்சமில்லையே என்று ஒரு பொறாமையும் வந்தது. கூட வந்த கையாள் ரமேஸை, அந்நிய ஆள் ஒருவனாவது குறையட்டும் என்று, கேட்டுக்கு வெளியே அனுப்பினான். கயிற்றை மேல் கொப்பில் போட்டு, கிளையைக் கட்டி, மறுமுனையை அடிமரத்தில் சுற்றி அக்ரமின் கையில் கொடுத்தான். நுனியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து இறக்கத் தொடங்கினான். மெஷின் வாள் அதிர்ந்தால் வெடிப்பு விரியும் என்று கைவாளால்தான் அறுத்தான். ஒரு மணி நேர வேலை, பகல் முழுவதும் இழுத்தது. தோள் கழன்றுவிடும்போல இருந்தது.

பாதிக் கிளை இறங்கியிருந்தபோது வானம் கறுத்தது. காற்று திடீரென்று வந்து விழுந்தது. தெருப்புழுதியெல்லாம் எழும்பியது. கவைக்குள் நார் அறுந்து படபடவென்று சத்தம் கேட்டது. இறங்க நேரமில்லை.

"தம்பி, கயித்த விட்டுறாதீங்க! அம்மா, வெளிய ஓடுங்க! நான் கண்ண மூடிக்கிறேன். சத்தியமா மூடிக்கிறேன்!"

மூடிக்கொண்டான். தண்டைக் கட்டிப் பிடித்தான். கண்ணை மூடியதும் மரம் இன்னும் அதிகமாக ஆடுவதுபோல இருந்தது. எந்தப் பக்கம் கிளை பிளக்கிறது, எந்தப் பக்கம் கால் விலக வேண்டும், ஒன்றும் தெரியவில்லை. கீழே தாழ்ப்பாள் விலகியது. செருப்புச் சத்தம் முற்றத்துக்கு வந்தது. வந்து, நின்றுவிட்டது.

"யா அல்லாஹ், இவர் விழப் போறாரு மகன்."

"போங்க உம்மா!" அக்ரம் அலறினான். "கயிறு வழுக்குது!"

"கண்ணத் தொறங்க!" இந்தத் தடவை ஜெஸீமா மகனிடம் சொல்லவில்லை. நேராக மரத்தைப் பார்த்துச் சொன்னார். "ஒங்களுக்கும் புள்ளகுட்டி ஈக்கும் தானே. தொறங்க!"

"நீங்க போங்கம்மா, தொறக்கிறேன்!"

"தொறந்தாத்தான் போவேன்!"

கவை இன்னொரு முறை முனகியது. கிளைக்கு நேர் கீழே, வெட்டவெளியில் அந்த மனுஷி நிற்கிறார். அழகையாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கழுத்தைப் பின்னால் வளைத்து, முகத்தை ஆன மட்டும் மேலே திருப்பினான்.

"தொறந்துட்டேம்மா!"

திறந்துதான் இருந்தான். வெடிப்பு தெரியவில்லை, வீடு தெரியவில்லை. ஆடும் இலைகளுக்கு நடுவே கறுத்த வானம் மட்டும் தெரிந்தது. மரத்தூளும் முதல் மழைத்துளியும் கண்ணுக்குள் விழுந்தன. அவன் இமைக்காமல் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். கீழே செருப்புச் சத்தம் குசினிப் பக்கமாக நகரத் தொடங்கியது.