விதைநெல்லுக்குள் குளிசை

என் மனுசன் இளையதம்பிக்குக் காடு வெட்டத் தெரியும், வாய்க்கால் மறிக்கத் தெரியும். குளிசை விழுங்க மட்டும் தெரியாது.

எண்பத்திரண்டாம் ஆண்டு காலபோக நெல் விதைப்புக்கு வயலைத் துப்புரவாக்கும்போது மண்வெட்டி இவருடைய கால் பெருவிரலில் விழுந்தது. புண் சீழ் வைத்துவிட்டது. டிஸ்பென்சரி டாக்குத்தர் சிவப்பும் மஞ்சளுமாய் ஒரு பை குளிசை தந்தார்.

"இது கிருமிக்கு. முடியுமட்டும் விடாமல் போடவேணும். நோவெண்டால் பனடோல் மட்டும். கடையில வேற ஒண்டும் வாங்கவேண்டாம்."

இவர் கேட்டால்தானே! பனடோல் போதாதென்று கடையில் அஸ்பிரினும் வாங்கினார். விடிய வெறும் வயிற்றில் பால் விடாத பிளேன்ரீயோடு அதை விழுங்கிவிட்டு வயலுக்கு ஓடுவார். மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்.

"கிருமிக் குளிசைதான் எரிக்குது. எனக்கு ஒத்துவரேல்லை."

"வெறுவயித்தில அஸ்பிரினை விழுங்கினால் எரியாமல் குளிருமே? அதை முதல்ல விடுங்கோ!"

"இப்ப நோவுமில்லை, காய்ச்சலுமில்லை. சும்மா கத்தாதை."

ஆனாலும் பையிலிருந்த குளிசை நாளுக்கு நாள் குறைந்தது. போடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

விதைப்புக்கு நெல் ஊறப்போட விதைநெல் மூட்டையை அவிழ்த்தேன். கையில் ஒரு துணி முடிச்சுத் தட்டுப்பட்டது. பிரித்தால் சிவப்பும் மஞ்சளுமாய்க் குளிசைகள். அம்மாளாச்சி! ஓடிப்போய் இவருடைய காலில் சுற்றியிருந்த சீலைத் துண்டை அவிழ்த்தேன். விரல் கறுத்து நாறியது.

பக்கத்து வயல் தங்கராசாவின் டிரக்டரில் பெரியாசுபத்திரிக்குக் கொண்டு ஓடினோம். விரலை எடுத்துவிட்டார்கள்.

"நோக்குளிசை காய்ச்சலை மறைச்சுப்போட்டுது, அம்மா. நோ நிண்டால் கிருமி செத்துப்போச்செண்டில்லை. மற்றக் குளிசையை ஒழுங்காய்ப் போட்டிருந்தால் விரல் மிஞ்சியிருக்கும்" என்றார் அங்கிருந்த டாக்குத்தர். அஸ்பிரின் வயிற்றையும் புண்ணாக்கியிருந்ததாம்.

இத்தோடு ஆள் திருந்தியிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? மறுநாள் படுக்கையைத் தட்டிப்போடத் தலையணையைத் தூக்கினால், காலையில் நேர்ஸ் கொடுத்த குளிசை அப்படியே கிடக்கிறது.

"உங்களுக்கென்ன விசரே? மிச்ச விரலையும் குடுக்கப்போறியளே?"

சுவரைப் பார்த்தபடி முணுமுணுத்தார்.

"போன மாரியில நீ காய்ச்சலில அறிவு நினைவில்லாமல் கிடந்தனி. டிஸ்பென்சரியில மருந்து முடிஞ்சுதெண்டிட்டினம். சைக்கிளை உழக்கிக்கொண்டு எங்கயெல்லாம் திரிஞ்சனான் தெரியுமே? விதைநெல்லை எடுத்து வைக்கிறமெல்லே, அதுபோல இதுவும் வீட்டில கொஞ்சம் கிடக்கட்டுமெண்டு..."

எனக்கு அழுகை வந்தது. அழுது முடிந்ததும் முன்னையதைவிடக் கோபம் கூடிவிட்டது.

"நீங்கள் போய்ச் சேர்ந்தால் எனக்கேன் அந்தக் குளிசை? திறவுங்கோ வாயை!"

முதலில் இரண்டு பிடி சோறு தீத்தினேன். பிறகு குளிசையைப் போட்டு, அவர் விழுங்கும்வரை தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.