சுவரில் சரியாக விழுந்த வெளிச்சம்

1

இந்தக் கதை ஓர் இருமலில் பிறந்தது. எந்த இருமல் என்பதை நான்காம் பகுதியில் சொல்கிறேன். அதற்குமுன் சொல்லத் தைரியமில்லை.

ஆண்டு 1937, ஊர் திருச்செங்கோடு. கேட்பவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பவன் நான். பகுதி பகுதியாக எண் போட்டால்தான் எனக்குக் கை ஓடும்.

‘பொழுது சாய்கையில் சங்ககிரிச் சாலையில் இரண்டு நிலாக்கள் வந்தன’ என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். அழகாயிருக்கிறது, அதனாலேயே சந்தேகமாயிருக்கிறது.

2

ஜான் பாஷா வாடகைக் கார் ஓட்டுகிறவர். எழுத்து தெரியாது. காரின் முன்விளக்கில் இருபத்தொரு வாட்டு பல்பை எடுத்துவிட்டு முப்பத்தாறு வாட்டு போட்டால் ஆபத்து உண்டா என்று மதராஸ் கடைக்கு என்னை எழுதச் சொன்னார். பதில் ஆங்கிலத்தில் வந்தது. வரிவரியாகத் தமிழில் சொன்னேன்: கம்பியைத் தடிப்பாக மாற்றவும், இல்லையேல் சூடேறி உருகும். ஃபியூஸ் அதற்கேற்றதாக இருக்கட்டும். டைனமோ ஈடுகொடுக்கிறதா பார்க்கவும். சுவருக்கு இருபத்தைந்து அடி தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் உயரத்துக்குக் கீழே வெளிச்சம் விழும்படி திருகவும்.

எல்லாம் செய்தோம். பஞ்சுக் கிடங்குச் சுவரில் இரண்டு வட்டங்கள் அசையாமல் உட்கார்ந்தன.

“சங்ககிரி மலையில எறும்பு ஊர்றதுகூடத் தெரியுமாட்டம் இருக்குது,” என்றார் பாஷாவின் மனைவி பஷீரா. “நிக்காவன்னிக்கு இந்த வெளக்கு இருந்திருந்தா, உங்க மூஞ்சிய நல்லாப் பாத்துப்போட்டு மாட்டேன்னிருப்பேன்.”

3

இனி சுப்பையன் வரவேண்டும். (அவனுக்குப் பயந்துதான் நான்கு நாள் எழுதாமலிருந்தேன்.) பண்ணைக்காரர் வெள்ளியங்கிரியின் மாட்டுவண்டியை ஓட்டுகிறவன். சந்தை முடிந்து திரும்பும் வண்டிக்காரர்கள் தூங்கிவிடுவதும், மாடுகள் தாமே வழி பிடித்து வீடு சேர்வதும் இங்கே வழக்கம்.

அன்று பொழுது சாய்ந்தபின் சுப்பையனின் வண்டிக்கு எதிரே வந்த பாஷாவின் காரில் பின்சீட்டில் ஐந்து பேர். கேரியரில் இரண்டு அண்டா. விளக்கு வெளிச்சத்தில் புழுதி மாவுபோல அந்தரத்தில் நின்றது. மாடுகளின் கண்கள் பச்சையாக எரிந்தன. கொம்பும் திமிலும் நுகமும் வெள்ளியாயின. வண்டி தரையை விட்டு எழுந்து, மெல்ல, மிக மெல்ல —

இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன். முடித்தால் வண்டி பள்ளத்தில் விழும்.

விழுந்தது. மயிலைக் காளைக்கு முன்கால் ஒடிந்தது.

மறுநாள் களத்தில் வெள்ளியங்கிரி கேட்டார்: “தூங்கிப்போட்டயாடா?”

“இல்லீங்க சாமி, முழிச்சுத்தான் இருந்தனுங்க. கண்ணுக்குள்ள பாலை ஊத்துனாப்பல ஆயிப்போச்சுங்க. கவுறு எங்க, மாடு எங்க, ஒண்ணுந் தெரீலீங்க.”

பாஷா என்னைக் கைகாட்டினார். “அண்ணாவக் கேளுங்க. செவுத்துல நூல் புடிச்சாப்பல வெச்சோம். ஆள் கண்ணுக்கு ஏறவே ஏறாது.”

“ஆமாங்க,” என்றேன். சுவரைப் பற்றிய பேச்சு. சுவரைப் பற்றி நான் சொன்னது உண்மை.

“கேட்டயாடா? தூங்குனேன்னு ஒத்துக்க, பண்ணையத்துல இரு. மாடு போனாப் போவுது, பொய் சொல்றவன் எனக்கு வேண்டாம். ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன்.”

4

இருமல். கடிதத்தில் சுவர் வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. எனக்குப் புரியவில்லை. பள்ளியில் நான்காம் பாரம் வரை இங்கிலீஷ் படித்தவன், புரியவில்லை என்று பஷீராவின் முன்னால் சொல்வதா? இருமினேன். “அவ்வளவுதான், கையெழுத்துப் போட்டிருக்குது,” என்று கடிதத்தை மடித்துவிட்டேன்.

காளை விழுந்த பிறகு அகராதி வைத்துப் படித்தேன்.

[வழக்கமாக ஏற்றும் பாரத்தை ஏற்றிவைத்தே இதைச் செய்க, பின்புறம் பாரம் ஏறினால் முன்விளக்கு மேலே பார்க்கும்.]

நாங்கள் காலி வண்டியைத்தான் நிறுத்தியிருந்தோம்.

5

முடிவு ஒன்று: நான் போய்ச் சொல்லிவிடுகிறேன். மூன்று தடவை எழுதினேன். மூன்றிலும் களத்து வாசலில் நின்று செருப்பைத் தேடுகிறேன், அது காலில்தான் இருக்கிறது.

முடிவு இரண்டு: சுப்பையன் ஒத்துக்கொள்கிறான். ‘ஆமாங்க சாமி, நான் தூங்—’ அதற்குமேல் அவன் வாய் திறக்கவில்லை. நான் உண்டாக்கிய ஆள்தான். ஆனாலும் சொல்ல மாட்டேனென்கிறான்.

இன்று சனிக்கிழமை. வெளிச்சம் இன்னும் அந்தச் சாலையில் நிற்கிறது, மாவுபோல. வெள்ளியங்கிரிக்கும் படிக்கத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நாளைக் காலை களத்துக்குப் போய், நான்காம் பகுதியில் பகர அடைப்புக்குள் இருக்கும் வரியை எல்லார் காதிலும் விழும்படி படியுங்கள்.

நடுவில் இருமல் வந்தாலும் நிறுத்தாதீர்கள்.